தேதி பொறிக்காத வெள்ளி: ஜூலியா டோம்னாவின் தினாரியஸ்களுக்குக் காலம் கணிப்பது

ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் தினாரியஸ் என்னும் வெள்ளிக்காசுகள் பலவற்றில் ஆண்டைக் காசிலேயே படித்துவிடலாம். மக்கள் காவலர் அதிகாரம் எத்தனையாவது முறை, கன்சல் பதவி எத்தனையாவது முறை, படை அவரை வெற்றித்தலைவர் என்று வாழ்த்தியது எத்தனை முறை என்று எண்களோடு வெட்டியிருப்பார்கள். அவர் மனைவி ஜூலியா டோம்னாவின் காசில் இது எதுவும் இல்லை. பேரரசிக்குப் பதவி கிடையாது, பதவி இல்லாததால் எண் கிடையாது, எண் இல்லாததால் தேதியும் கிடையாது. ஆனால் கி.பி. 193 முதல் 217 வரை, கணவர் ஆட்சியிலும் மகன் கரகல்லாவின் ஆட்சியிலுமாக, 24 ஆண்டுகள் அவர் முகம் வெள்ளியில் அடிக்கப்பட்டது. ரோமானிய வெள்ளி சேகரிக்கும் எவர் கைக்கும் விரைவில் வந்து சேரும் பேரரசி இவர்தான். விற்பனைச் சீட்டில் தவறான ஆண்டோடு அதிகம் திரிவதும் இவர் காசுகள்தான்.

தவறுக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. பின்பக்கத்துப் பெண் தெய்வத்தைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் தேடத் தொடங்குகிறார்கள். வீனஸும் வெஸ்டாவும் புடிசிட்டியாவும் 24 ஆண்டும் மாறி மாறி வருபவர்கள். படம் காலம் சொல்லாது. முன்பக்க எழுத்துதான் முதலில் காலம் சொல்லும்.

மூன்று பெயர் வடிவங்கள்

193 முதல் 196 வரை முன்பக்கத்தில் ‘யூலியா டோம்னா ஔக்’ என்று இருக்கும். ‘ஔக்’ (லத்தீனில் AVG) என்பது ஔகுஸ்தா என்ற பேரரசிப் பட்டத்தின் சுருக்கம். 196 முதல் செவரஸ் இறந்த 211 வரை ‘யூலியா ஔகுஸ்தா’. தன் பெயரான டோம்னா கழன்று பட்டம் முழுதாக நிற்கிறது. 211 முதல் 217 வரை ‘யூலியா பியா ஃபெலிக்ஸ் ஔக்’. பக்தி மிக்கவர், நற்பேறு பெற்றவர் என்ற இரு அடைமொழிகளும் மகன் கரகல்லாவின் பட்டங்களை ஒட்டி வந்தவை. இந்த மூன்று பெட்டிகளில் எதில் காசு விழுகிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

தெளிவான காசில் இது ஒரு நொடி வேலை. தேய்ந்ததில்தான் சிக்கல். தலை வலப்பக்கம் பார்க்கிறது. எழுத்து இடப்பக்கம் கீழே, கடிகாரத்தின் 7 மணி இடத்தில் தொடங்கி, கொண்டைக்குப் பின்னால் ஏறி, உச்சியைச் சுற்றி, முகத்துக்கு முன்னால் இறங்கி 5 மணி இடத்தில் முடியும். லத்தீனில் முதல் வடிவத்துக்கு 13 எழுத்து, இரண்டாவதற்கு 12 எழுத்து. ஒரே எழுத்து வித்தியாசம் என்பதால் தேய்ந்த காசில் எண்ணிப் பிரிப்பது கடினம். மூன்றாவது 16 எழுத்து, நெருக்கமாக இருக்கும்.

எண்ணுவதை விட இரண்டு இடங்களைப் பார்ப்பது மேல். கடைசி எழுத்து மார்புக்கு முன்னால் இருக்கும். அது ‘ஏ’ என்றால் யூலியா ஔகுஸ்தா, 196–211. அது ‘ஜி’ என்றால் முதலாவது அல்லது மூன்றாவது. அப்போது ஆறாவது எழுத்தைத் தேட வேண்டும். அது உச்சந்தலைக்குச் சற்று இடப்புறம் வரும். அங்கே ‘டி’ (D) இருந்தால் டோம்னா, ‘பி’ (P) இருந்தால் பியா. எழுத்தின் மேல்பாதி விளிம்புக்கு வெளியே போயிருந்தாலும் கீழ்ப்பாதியே போதும்: ‘டி’யின் அடி வளைந்து மூடியிருக்கும், ‘பி’யின் அடி ஒற்றைக்கால்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் குடும்பத்தில் ஜூலியாக்கள் அதிகம். டோம்னாவின் சகோதரி ஜூலியா மைசா, அவர் மகள்கள் சொயமியாஸ், மமையா, பேரரசர் எலகபாலஸ் மணந்த ஜூலியா பவுலா ஆகியோர் காசும் ‘யூலியா’வில் தொடங்கி ‘ஔக்’கில் முடியும். மைசா, பவுலா இருவர் பெயரும் 13 எழுத்து. சொயமியாஸ் 16 எழுத்து, பியா ஃபெலிக்ஸ் வடிவத்தின் அதே நீளம். ஆறாவது எழுத்து ‘எம்’ என்றால் மைசா அல்லது மமையா, ‘எஸ்’ என்றால் சொயமியாஸ். பவுலாவுக்கும் ‘பி’ வருவதால் அங்கே அடுத்த எழுத்தையும் பார்த்தே ஆக வேண்டும். இவர்களெல்லாம் 218க்குப் பிந்தியவர்கள். ஒரு எழுத்தைத் தவறாகப் படித்தால் பத்து, இருபது ஆண்டு தள்ளிப் போய்விடும்.

பின்பக்கம் தரும் எல்லைகள்

பெட்டியைக் கண்டுபிடித்த பிறகு அதற்குள் காலத்தைக் குறுக்கப் பின்பக்கச் சொற்கள் உதவும். சொற்கள்தான், படம் அல்ல.

மிகப் பயன்படுவது ‘ஏவிஜிஜி’ (AVGG) என்று முடியும் சுருக்கம். லத்தீனில் கடைசி எழுத்தை இரட்டித்தால் இருவர் என்று பொருள். பியெட்டாஸ் ஔக்., மாட்டர் ஔக். போன்ற வாசகங்களில் ‘ஜி’ இரண்டு முறை வந்தால் ஆட்சியில் ஔகுஸ்துக்கள், அதாவது பேரரசர்கள், இருவர். கரகல்லா ஔகுஸ்து ஆனது 198 ஜனவரியில். எனவே அந்தக் காசு 198க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. யூலியா ஔகுஸ்தா என்ற பெட்டியின் அடித்தளம் இரண்டு ஆண்டு உயர்ந்துவிட்டது. ஒற்றை ‘ஜி’யை வைத்து எதிர்த்திசையில் வாதாட வேண்டாம். இடம் போதாமல் வெட்டியவன் விட்டிருக்கலாம்.

மாட்டர் காஸ்ட்ரோரம், அதாவது பாசறைகளின் தாய், என்பது பலரை வழுக்கி விடும் வகை. முக்காடிட்ட பேரரசி படைக்கொடிகளுக்கு முன் பலி செலுத்துகிறார். இந்தப் பட்டம் டோம்னாவுக்கு 195 ஏப்ரலில் கிடைத்தது. உடனே பல சீட்டுகளில் ‘கி.பி. 195’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தினாரியஸின் முன்பக்கம் யூலியா ஔகுஸ்தா. பட்டம் கிடைத்த ஆண்டு வேறு, காசு அடித்த ஆண்டு வேறு. காசு 196–211 பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். பட்டத்தின் தேதி ‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டுமே சொல்லும்.

மூன்றாவது பெட்டியில் இதே போன்ற இன்னொரு முடிச்சு. ‘ஔகுஸ்துக்களின் தாய், செனட்டின் தாய், தாய்நாட்டின் தாய்’ என்று சுருக்கெழுத்தில் நீளும் வாசகம் பியா ஃபெலிக்ஸ் முன்பக்கத்தோடு வருகிறது. ‘ஏவிஜிஜி’ என்று இருவரைச் சொல்கிறது. செவரஸ் 211 பிப்ரவரி 4 அன்று யார்க் நகரில் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் கரகல்லா தன் தம்பி கேட்டாவைத் தாயின் கைகளிலேயே கொல்ல வைத்தான். எனவே மகன்கள் இருவரும் ஔகுஸ்துக்களாக இருந்த 211க்கு இந்த வாசகம் இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் கொலைக்குப் பின்னும் பழைய சொற்றொடர் அச்சில் தொடர்ந்திருக்க இடமுண்டு. ‘211 அல்லது சற்றுப் பின்’ என்று எழுதுவதே நியாயம். சீட்டில் ‘டிசம்பர் 211க்கு முன்’ என்று அடித்துச் சொல்வது மிகை.

எல்லாவற்றிலும் தெளிவாகக் காலம் சொல்வது தினாரியஸ் அல்ல, அதைவிடப் பெரிய அந்தோனினியானஸ். 215இல் கரகல்லா கொண்டுவந்த காசு. சுமார் 5 கிராம், 22–24 மில்லிமீட்டர். பேரரசரானால் தலையில் கதிர்முடி, பேரரசியானால் மார்புக்குக் கீழே பிறைநிலா. டோம்னா 217இல் அந்தியோக்கியாவில் இறந்துவிட்டதால், பிறைமேல் அமர்ந்த டோம்னா என்றால் 215–217, அவ்வளவுதான். இரண்டு தினாரியஸ் மதிப்பில் விடப்பட்டதாகக் கருதப்படும் இந்தக் காசில் ஒன்றரை தினாரியஸ் அளவு வெள்ளிதான் இருந்தது.

கூந்தலை வைத்தும் காலம் சொல்வார்கள். தொடக்கக் காசுகளில் பின்னந்தலையை மறைக்கும் பெரிய உருண்டைக் கொண்டை. பிறகு தலை முழுவதும் வரிவரியாக அலை படிந்து, பிடரியில் இறங்கும் தட்டையான கொண்டை. பார்ப்பதற்குத் தலைக்கவசம் போல இருக்கும். சவுரி என்றே பலர் கருதுகிறார்கள். எழுத்து சொன்னதைச் சரிபார்க்க இது உதவும். எழுத்து இல்லாத இடத்தில் கூந்தலை மட்டும் நம்பினால், அச்சு வெட்டியவனின் கைப்பாங்கைக் காலமாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

எந்த அக்கசாலை

193இல் அரியணைக்குப் போட்டியிட்ட பெஸ்கேனியஸ் நைகரோடு கிழக்கில் போர் நடந்தபோது, படைச் சம்பளத்துக்காகச் சிரியா பக்கத்திலேயே வெள்ளி அடிக்கப்பட்டது. நூல்களில் இவை எமெசா, லவோதிக்கேயா அக்கசாலைகளின் (காசடிக்கும் கூடங்களின்) காசுகள் என்று குறிக்கப்படும். எமெசா இன்றைய ஹோம்ஸ், டோம்னாவின் பிறந்தகம். அவர் தந்தை பாசியானஸ் அந்த ஊரின் சூரியக் கோயில் பூசாரி. லவோதிக்கேயா என்றதும் விவிலியத்தில் வரும் சபை நினைவுக்கு வரும். அது ஆசியா மைனரின் உட்பகுதியில் உள்ள வேறு ஊர். இது கடற்கரையில் உள்ள இன்றைய லடாக்கியா. எமெசா என்ற பெயரும் ஒரு வசதிக்கான அடையாளமே. அக்கசாலையின் பெயர் காசில் எங்கும் இல்லை, பாணியை வைத்துப் பிரித்ததுதான்.

பிரிப்பது எப்படி? ரோமில் எழுத்துகள் ஒரே உயரம், ஒழுங்கான இடைவெளி, தெய்வத்தின் உடல் விகிதம் நிதானம். கிழக்கில் எழுத்து உயரம் கூடிக் குறையும், கண் பெரிதாக இருக்கும், கூந்தல் கோடுகள் கம்பி போல விறைத்து நிற்கும். இதைவிட உறுதியான தடயம் சொல்லில் உண்டு. ரோமின் ‘வெனெரி விக்ட்ர்’ காசில் அரையாடை வீனஸ் முதுகைக் காட்டித் தூணில் சாய்ந்து, கையில் ஆப்பிளும் பனையோலையும் வைத்திருக்கிறாள். அதே படம் கிழக்கிலும் உண்டு. ஆனால் சொல் வேறிடத்தில் வெட்டுப்பட்டிருக்கும், எழுத்து விடுபட்டிருக்கும். நற்சகுனம், நன்னம்பிக்கை போன்ற பேரரசருக்குரிய வாசகங்களும் டோம்னாவின் முகத்தோடு அங்கே வரும். அங்கே அவை இயல்பானவை. ரோம் பாணியில் அப்படி ஒரு சேர்க்கை வந்தால் காசைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதற்குக் காரணம் கீழே.

ரோமுக்குள்ளேயே பேரரசியின் காசுக்கென ஒரு பட்டறை ஒதுக்கப்பட்டிருந்தது என்பது ஆய்வாளர்களின் பொதுவான கணிப்பு. டோம்னாவின் காசில் இதற்கு நேரடிச் சான்று இல்லை. ஒரு தலைமுறை கழித்துத்தான் அது கிடைக்கிறது. 248இல் முதலாம் பிலிப் ரோமின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடி அடித்த காசுகளில் பட்டறை எண் ஒன்று முதல் ஆறு வரை பொறிக்கப்பட்டது. நான்காம் எண், நீர்யானைப் படத்தோடு, அவர் மனைவி ஒட்டாசிலியா செவெராவுக்கு மட்டும். அந்தப் பழக்கம் முன்பே இருந்திருக்கும் என்பது நியாயமான ஊகம்.

வெள்ளி எவ்வளவு

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். செவரஸ் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே தினாரியஸின் மாற்று விழுந்தது. அதன் பிறகு காசில் சுமார் பாதிதான் வெள்ளி, மீதி செம்பு. ஆனால் புதுக்காசு பார்க்க வெள்ளை வெளேரென்று இருந்திருக்கும். காரணம், அடிப்பதற்கு முன் வில்லையைக் காற்றில் சூடேற்றுவார்கள். மேற்பரப்பில் உள்ள செம்பு காற்றோடு சேர்ந்து கறுக்கும். பிறகு அமிலக் கரைசலில் போட்டால் அந்தச் செம்பு கரைந்து போய், மேலே வெள்ளி மட்டும் பஞ்சு போல நிற்கும். அச்சின் அடியில் அந்தப் பஞ்சு அமுங்கி மெருகேறும். உள்ளே பாதி செம்பு, தோல் மட்டும் உயர்மாற்று.

இதன் விளைவு இரண்டு. முதலாவது, கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியைக் காசின்மேல் வைத்தால் அது சில பத்து மைக்ரான் ஆழத்தைத்தான் பார்க்கும். தோலைப் படித்துவிட்டு எண்பது விழுக்காடு என்று சொல்லும். பழைய ஆய்வுகளில் வெள்ளி அளவு கூடுதலாக வந்ததற்கு இதுவே காரணம். துளையிட்டு உட்பகுதியைப் பகுத்த பிந்தைய ஆய்வுகளே கணக்கைக் கீழே இறக்கின. நகைக்கடையில் மாற்றுப் பார்க்கும் பெட்டிக் கருவிக்கும் இதே குறை உண்டு. உரைகல்லில் உரசினால் தோல்தான் கல்லில் ஏறும். காசும் பாழ்.

இரண்டாவது, காசைச் சேதப்படுத்தாமல் உட்பகுதியை அறிய மிஞ்சும் வழி ஒப்படர்த்தி. அது எங்கே ஏமாற்றும் என்பதைக் கணக்கோடு பார்ப்போம். வெள்ளியின் ஒப்படர்த்தி 10.49, செம்பு 8.96. எடையில் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் 9.67. ஒரு 3.20 கிராம் காசை மெல்லிய நைலான் இழையில் கட்டி நீரில் தொங்கவிட்டால் எடை 0.331 கிராம் குறைய வேண்டும். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் அது 0.32 என்றோ 0.34 என்றோ தெரியலாம். 0.321க்கும் 0.341க்கும் இடையில் எங்கிருந்தாலும் தராசுக்கு ஒன்றுதான். கணக்குப் போட்டால் முதலாவது 69 விழுக்காடு வெள்ளி, இரண்டாவது 31 விழுக்காடு. அதாவது அந்தத் தராசில் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. 0.001 கிராம் காட்டும் தராசில் பிழை இரண்டு விழுக்காட்டுக்குள் வரும். அதற்கும் நிபந்தனை உண்டு: காசில் ஒட்டிய காற்றுக்குமிழ்களைத் தூரிகையால் தட்டிவிட வேண்டும், நீரில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவம் விட வேண்டும், மூன்று முறை அளக்க வேண்டும். அரித்து உள்ளே பொந்து விழுந்த காசில் எந்தத் தராசும் உதவாது. பொந்து ஒப்படர்த்தியைக் குறைத்து, நல்ல காசையும் செம்பாகக் காட்டிவிடும்.

முலாம், வார்ப்பு, கலப்பினம்

‘எடை குறைந்தால் முலாம்’ என்று ஒரு சூத்திரம் புழங்குகிறது. முந்தைய நூற்றாண்டுகளின் நல்ல வெள்ளிக்கு அது ஓரளவு செல்லும். டோம்னாவுக்குச் செல்லாது. அதே பருமன் கொண்ட முழுச் செம்பு வில்லை 2.97 கிராம் இருக்கும். அரசுக் காசு 3.20 கிராம். வித்தியாசம் ஏழு விழுக்காடு. அரசுக் காசுகளே 2.8 முதல் 3.6 வரை ஏறி இறங்கும்போது இந்த ஏழு விழுக்காடு எங்கே தெரியும்? அரசே பாதி செம்பு போட்ட பிறகு, கள்ளக்காசுக்கும் நல்ல காசுக்கும் இடையில் தராசு பேசுவதை நிறுத்திவிட்டது. 2.5 கிராமுக்குக் கீழே போனால் சந்தேகப்படலாம், அவ்வளவே.

முலாம் காசைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். செம்பு வில்லையை வெள்ளித்தகட்டில் பொதிந்து சூடேற்றினால், இரண்டும் தொடும் இடத்தில் 72 பங்கு வெள்ளி, 28 பங்கு செம்பு கொண்ட கலவை சுமார் 780 டிகிரியிலேயே உருகிப் பற்றவைத்துவிடும். வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும், ஆகவே தகடு கெடாது. பல நூற்றாண்டு மண்ணில் கிடந்தபின் தகடு விடும் இடங்கள் உயரமானவை: கன்னம், கொண்டை, விளிம்பு. பத்து மடங்கு உருப்பெருக்கியில் தகட்டின் கிழிந்த ஓரம் உதடு போல மேலெழுந்து, அதன் அடியில் சிவப்போ பச்சைக் களிம்போ தெரியும். சும்மா அங்கங்கே பச்சை பூத்திருப்பது முலாமின் அடையாளம் அல்ல. பாதி செம்புள்ள நல்ல காசிலும் களிம்பு பூக்கத்தான் செய்யும். பார்க்க வேண்டியது ஓரம்.

அந்தக் காலத்திலேயே வார்ப்புக் காசுகளும் பெருகின. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் லிங்வெல் கேட் என்ற இடத்தில் செவரஸ் குடும்பத்துக் காசுகளின் களிமண் அச்சுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. செய்முறை எளிது. ஈரக் களிமண் வில்லைகளுக்கு நடுவில் நல்ல காசுகளை வைத்து அழுத்தி அடுக்கு கட்டுவார்கள். ஒவ்வொரு வில்லையின் ஒரு முகத்தில் ஒரு காசின் முன்பக்கம், மறு முகத்தில் இன்னொரு காசின் பின்பக்கம் பதியும். காசுகளை எடுத்துவிட்டு, ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, சுட்டு, மறுபடி அடுக்கி, மேலிருந்து உலோகம் ஊற்றுவார்கள்.

மறுபடி அடுக்கும்போது வரிசை பிசகினால் டோம்னாவின் முகத்துக்குப் பின்னால் செவரஸின் கன்சல் எண் வந்து நிற்கும். இதுதான் முன்னே சொன்ன சந்தேகத்தின் காரணம். முகத்துக்கும் பின்பக்கத்துக்கும் பொருந்தாத கலப்பினக் காசு ரோம் பாணியில் கிடைத்தால், ‘அரிய வகை’ என்று மகிழ்வதற்கு முன் வார்ப்பா, முலாமா என்று பார்ப்பதே முறை. அரசு அக்கசாலையிலும் அச்சு மாறி அடித்த காசுகள் உண்டு, ஆனால் எண்ணிக்கையில் குறைவு. வார்ப்பில் வேறு தடயங்களும் இருக்கும். களிமண் காய்ந்து சுருங்குவதாலும் உலோகம் ஆறிச் சுருங்குவதாலும் காசு சற்றுச் சிறுத்திருக்கும். எழுத்தின் ஓரம் கூர்மை இழந்து உருண்டிருக்கும். விளிம்பில் ஒரு இடம் வாய்க்கால் அறுத்த தட்டையாக இருக்கும். முன்பின் அச்சுகளின் நிலையும் உதவும்: ரோமின் காசைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கம் பெரும்பாலும் நேராகவோ தலைகீழாகவோ நிற்கும். களிமண் வில்லையை எப்படி வைத்தானோ அப்படி நிற்பது வார்ப்பு.

இன்றைய போலிகள் வேறு வகை. இவற்றில் பல அச்சில் அடித்தவை என்பதால் விளிம்பில் கோடு தேடிப் பயனில்லை. கைகொடுப்பது ஒப்பீடு. ஏல நிறுவனங்களின் பழைய படங்களில் அதே அச்சுக் காசைத் தேடுங்கள். ஒரே அச்சில் அடித்த இரண்டு நல்ல காசுகளில் உருவம் ஒன்றாக இருக்கும், ஆனால் விளிம்பின் வடிவம், மையம் விலகிய அளவு, வெடிப்பு, தேய்ந்த இடம் எல்லாம் வேறாக இருக்கும். வெடிப்பும் தேய்மானமும்கூட இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால், ஒன்று மற்றொன்றிலிருந்து எடுத்த நகல், அல்லது இரண்டுமே மூன்றாவது ஒன்றின் நகல்.

ஒரு மாதிரிக் காசு

தேய்ந்த ஒரு தினாரியஸ் என்று வைத்துக்கொள்வோம். 3.11 கிராம், 18 மில்லிமீட்டர். முன்பக்கத்தில் கடைசி மூன்று எழுத்துகள் மட்டும் தெளிவு: எஸ், டி, ஏ (STA). பின்பக்கம் நிற்கும் பெண், கையில் குழந்தை, ஒரு கால் கப்பல் முனைமேல். வாசகத்தில் ‘ஃபெலிசிட்டாஸ்’ என்ற சொல் தெரிகிறது.

‘ஸ்தா’ என்ற முடிவு உடனே 196–211 பெட்டியில் போடுகிறது. மைசாவும் மமையாவும் ‘ஔக்’கில் முடிவதால் விலகிவிட்டார்கள். இது தற்செயலான உதவி அல்ல. ‘சேக்குலி ஃபெலிசிட்டாஸ்’ என்ற அதே வாசகம் மைசாவின் காசிலும் உண்டு. அங்கே இருப்பவள் பலிபீடத்தில் படைக்கும் ஃபெலிசிட்டாஸ், பக்கத்தில் பெரும்பாலும் ஒரு நட்சத்திரம். டோம்னாவின் காசில் இருப்பவள் எகிப்தியத் தெய்வம் ஐசிஸ், கையில் அவள் மகன் ஹோரஸ், அருகே பலிபீடத்தில் சாய்ந்த சுக்கான். வாசகத்தை மட்டும் படித்தவர் குழம்புவார், படத்தை மட்டும் பார்த்தவர் தாயும் சேயும் என்று ஃபெகுண்டிட்டாஸ் (மகப்பேற்று வளம்) வகையில் போடுவார். கப்பல் முனைதான் முடிச்சை அவிழ்க்கிறது. ரோமன் இம்பீரியல் காயினேஜ் என்ற பட்டியல் நூலின் நான்காம் தொகுதியில் இது செவரஸ் பகுதியின் 577ஆம் எண். பகுதியின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். பியா ஃபெலிக்ஸ் காசுகள் அதே தொகுதியில் கரகல்லா பகுதியில் தனி வரிசையில் இருப்பதால், வெறும் எண் இரண்டு வேறு காசுகளைக் குறிக்கும்.

சீட்டில் ‘ரோம், 196–211’ என்று உறுதியானதை முதலில் எழுதி, பாணியை வைத்துக் குறுக்கியதைத் தனியே ‘200ஐ ஒட்டி’ என்று குறிப்பது நல்லது. இரண்டையும் ஒரே வரியில் கலந்தால், அடுத்து வாங்குபவருக்கு எது சான்று, எது ஊகம் என்று தெரியாமல் போகும்.

துலக்குவது

துலக்கவே வேண்டாம் என்பதுதான் முதல் பதில். நம் வீடுகளில் பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கம் இந்தக் காசுக்கு எமன். புளியும் எலுமிச்சையும் செம்பை அரிக்கும். மெல்லிய வெள்ளித் தோலுக்கு அடியில் இருக்கும் செம்பு கரைந்தால் தோல் உதிரும், காசு செம்மை படர்ந்து பொரிந்துபோகும். போன தோல் திரும்பாது. மண் ஒட்டியிருந்தால் வடிநீரில் பல நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, மூங்கில் குச்சியால் மெல்ல எடுக்கலாம். கறுப்பாக, மெழுகு போலப் படிந்திருப்பது வெள்ளிக் குளோரைடு. அதற்குத் தயோசல்ஃபேட் கரைசல் உண்டென்றாலும் அது பயிற்சி பெற்றவர் கையில் இருக்க வேண்டியது.

மேசையில் போட்டு ஓசை கேட்பதும் வேண்டாம். வெள்ளியும் செம்பும் கலந்த உலோகம் மண்ணில் நீண்ட காலம் கிடந்தால் உலோகப் படிகங்களின் எல்லைகளில் அரிப்பு ஊடுருவி நொறுங்கும் தன்மை பெறும். வெளியே முழுதாகத் தெரியும் காசு தரையில் விழுந்து இரண்டாகும். நல்ல காசுகூட இதனால் கணீரென்று இல்லாமல் மந்தமாக ஒலிக்கும் என்பதால் அந்தச் சோதனையே பொய்.

இங்கே கிடைத்ததாகச் சொன்னால்

தமிழ்நாட்டில் ரோமானிய வெள்ளி என்றால் பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தது, அதிலும் கொங்குப் பகுதிப் புதையல்கள். திபேரியஸின் தினாரியஸில் பின்பக்கம் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். விவிலியத்தின் வரிக்காசு என்று பலர் அடையாளம் காட்டுவது இதைத்தான். அவள் திபேரியஸின் தாய் லிவியா என்ற கருத்து பரவலாக உண்டு, ஆனால் காசில் பெயர் இல்லை. பேரரசி உருவம் என்று உரிமை கொண்டாட நம் மண்ணின் வெள்ளியில் இருப்பது இதுதான். 64இல் நீரோ தினாரியஸின் எடையையும் மாற்றையும் குறைத்த பிறகு வந்த வெள்ளியை இந்தியப் புதையல்களில் அதிகம் காண முடிவதில்லை. பாதி செம்பான டோம்னா காசுக்கு இங்கே சந்தை இருந்திருக்க நியாயமில்லை. கரூர் அமராவதி மணலில் கிடைக்கும் பிற்கால ரோமானியக் காசுகள் பெரும்பாலும் சிறு செப்புக்காசுகள். எனவே ‘ஆற்று மணலில் எடுத்தது’ என்று டோம்னா தினாரியஸ் ஒன்றை யாரேனும் நீட்டினால், அது ஐரோப்பியச் சந்தையில் வாங்கியதாகவோ போலியாகவோ இருக்கும் வாய்ப்பே அதிகம்.

உண்மையிலேயே மண்ணில் கிடைத்திருந்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தெரிவிக்கும்வரை காசைக் கழுவாமல், கிடைத்த மண்ணோடும் கூடக் கிடந்த ஓட்டுத்துண்டுகளோடும் வைத்திருக்க வேண்டும். எந்தக் காசுகளோடு கிடந்தது என்ற பதிவு இருந்தால், கூட்டத்தில் கடைசியான காசின் ஆண்டை வைத்து அந்தப் புதையல் எப்போது புதைக்கப்பட்டது என்று சொல்லலாம். இங்கிலாந்தில் சோமர்செட்டின் ஷாப்விக்கில் 1998இல் ஒரே குவியலாகக் கிடைத்த 9,238 தினாரியஸ்களுக்கு, அவற்றில் கடைசியானவை 224ஆம் ஆண்டை எட்டுவதால், காலம் கணித்தது அப்படித்தான்.